தோட்டத்துப் பொது மண்டபம்: சாவி யார் கையில்?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு கட்டடத்தைப் பற்றி. தகரக் கூரை, சீமெந்துத் தரை, இரண்டு கதவு, சில சன்னல்கள், முன்னால் ஒரு சின்ன மேடை. கடிதத்தில் எழுதும்போது பொது மண்டபம் என்றும் சனசமூக நிலையம் என்றும் எழுதுகிறோம். பேச்சில் 'தோட்டத்து ஹோல்' என்று சொல்லிவிடுகிறோம். இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நம் மக்கள் ஒன்றாக உட்கார ஒரு கூரை கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஏன் அவ்வளவு காலம் ஆனது என்று கேட்டுப் பார்த்தால், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் சேர்ந்த சபரகமுவத் தமிழரின் வரலாறு முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

முதலில் மழையிலிருந்து தொடங்குகிறேன். இரத்தினபுரியில் ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று திரும்பினால் தெரணியகலை, எட்டியாந்தோட்டை, குருவிட்டை, பலாங்கொடை மலைகள் நாள்கணக்கில் நனைந்தபடி இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் மழையிலும் கொழுந்து எடுக்கலாம். இறப்பர் தோட்டத்தில் மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. வேலை இல்லாத அந்த நாளில்தான் மக்களுக்கு ஒன்றுகூட நேரம் இருந்தது. ஆனால் கூடுவதற்கு இடம்தான் இல்லை. லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. இஸ்தோப்பில் அடுப்பும் விறகும் ஆட்டுக்குட்டியும் இருக்கும். ஒரு குடும்பம் நிமிர்ந்து உட்காரவே இடம் போதாத அறையில் ஊர் எப்படிக் கூடும்?

நம் முன்னோர் விட்டுவந்த தமிழகத்துக் கிராமத்தில் சாவடி இருந்தது, மந்தை இருந்தது, ஆலமரத்தடி இருந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையைக் கல்லில் வெட்டி வைத்த சபை மண்டபம் இன்றும் வைகுண்டப் பெருமாள் கோயிலாக நிற்கிறது. ஆனால் அது பிரமதேயத்துச் சபை, பிராமணருக்குக் கொடுத்த ஊரின் சபை. மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிக் கப்பலேறிய நம் முன்னோரில் மிகப் பலர், அந்த மண்டபத்தில் மட்டுமல்ல, சொந்த ஊர்ச் சாவடித் திண்ணையிலும் உட்கார அனுமதி இல்லாத சாதிகளில் பிறந்தவர்கள். இங்கே கிடைக்காத இடம் அங்கே அவர்களுக்கு இருந்தது என்று நாம் சொல்லிவிட முடியாது. எல்லோரும் சமமாக உட்காரும் ஒரு பொது இடம் என்பது நம் மக்கள் புதிதாகவே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்த ஒன்று.

தோட்டத்தில் மக்கள் கூடிய முதல் இடம் பெரட்டுக்களம். விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் வரிசையில் நிற்பார்கள். அங்கே பேசியவர்கள் துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும். பேர் கூப்பிட்டால் பதில் சொல்வது மட்டுமே தொழிலாளியின் பங்கு. இரண்டாவது இடம் கொழுந்து மடுவம். கூரை உள்ள இடம்தான். தராசு அங்கே இருந்ததால் நிறுவை முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். மூன்றாவது மாரியம்மன் கோயில். அங்கே மக்கள் தம் பணத்தில், தம் உழைப்பில் ஒன்றுகூடினார்கள். ஆனால் திருவிழாவுக்கு நாள் குறிக்கவும் லீவு கேட்கவும் துரையின் பங்களா வாசலில்தான் போய் நிற்கவேண்டும். நான்காவது காமன் பொட்டல். மாசி மாதத்தில் கம்பம் நட்டு, இரவிரவாகக் காமன் கூத்து ஆடிய வெட்டவெளி. பொன்னர் சங்கரும் அர்ச்சுனன் தபசும் நடந்த களங்களும் வெட்டவெளிகளே. நம் கலை முழுவதும் திறந்த வானத்தின் கீழ் வளர்ந்ததற்குக் காரணம், அதற்கு ஒரு கூரையை யாரும் தரவில்லை என்பதுதான்.

ஐந்தாவதாக வந்தது பள்ளிக்கூடம். இதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். தொடக்கத்தில் கங்காணி வீட்டு இஸ்தோப்பிலும் கோயில் தாழ்வாரத்திலும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் கடமை என்று வைத்தது. அதன் பிறகு பல தோட்டங்களில் தடுப்புச் சுவர் இல்லாத ஒரே நீள அறை எழுந்தது. ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு, ஒரு கரும்பலகை. கல்வி என்ற அளவில் அது மிகக் குறைவு. ஆனால் அந்த நீள அறைதான் தோட்டத்தின் முதல் மண்டபம். பகலில் பிள்ளைகள் படித்த வாங்குகளில் இரவில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். ஊரிலிருந்து வந்த கடிதத்தை ஆசிரியர் அங்கே வாசித்துச் சொன்னார். பத்திரிகை அங்கே வந்தது. கூத்துக்கு வசனம் அங்கே பாடமானது. பின்னால் தொழிற்சங்கத்துக்குச் சந்தா எழுதியதும் பல இடங்களில் அதே மேசையில்தான். தோட்டத்துப் பொதுவாழ்வைத் தொடங்கி வைத்தவர்கள் என்று யாருக்காவது மாலை போடவேண்டுமானால், அந்த ஓராசிரியர் பள்ளிக்கூடத்து வாத்தியார்மாருக்குத்தான் முதல் மாலை.

இனி, கூடுவதற்கு எதிராக நின்ற சட்டத்தைப் பார்ப்போம். தோட்டம் தனியார் காணி. வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் சொந்தக்காரன்கூட லயத்துக்கு வரக் கூடாத காலம் இருந்தது. தொழிலாளரின் நிலையை நேரில் அறிய, தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் புடவை வியாபாரியைப் போலத் தோட்டத்துக்குள் போனார் என்பது நமக்கெல்லாம் தெரிந்த வரலாறு. 1931 இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தொழிலாளர் பாட்டுகளைப் பாடி மக்களைத் திரட்டினார். 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றி, அதன் தொழிற்சங்கமும் அடுத்த ஆண்டு எழுந்தபோது, தோட்டத்துக்குள் கூட்டம் போடும் உரிமை சம்பளத்துக்கு நிகரான கோரிக்கையாக இருந்தது. கூட இடமில்லாதவன் சங்கம் வைக்க முடியாது. சங்கம் இல்லாதவன் சம்பளம் கேட்க முடியாது.

தோட்டத்தில் தொழிலாளிக்கு என்ன உரிமை என்ற கேள்வி நம் சபரகமுவ மண்ணில் வழக்காகவே மாறியது. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கிராம விரிவாக்கத்துக்கென எடுத்துக்கொண்டு, அங்கே தலைமுறையாக இருந்த தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் லயத்தை விட்டு அசையவில்லை. 1946 இல் அவர்களுக்காகக் கேகாலைத் தோட்டங்கள் வேலைநிறுத்தம் செய்தன. குடியிருந்தவர்கள் மேல் அத்துமீறல் வழக்குப் போடப்பட்டது. அவர்களில் ஒருவரின் வழக்கு, அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950 இல் அங்கே தீர்ப்பு தொழிலாளியின் பக்கம் வந்தது. தன் வீட்டில் தொடர்ந்து இருக்க நினைத்ததே அவருடைய நோக்கம், அதைக் குற்றமாகக் கொள்ள முடியாது என்பது அதன் சாரம். சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். அது நம் கேகாலைத் தோட்டத்துத் தொழிலாளி ஒருவரின் வழக்கு என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டும்.

ஆனால் அந்தத் தீர்ப்பு வருமுன்பே வேறொரு சட்டம் வந்துவிட்டது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் நம் மக்களை நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கின. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. இதே காலத்தில்தான், 1948 முதல், நாட்டின் கிராமங்களில் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் அரசின் துணையோடு எழுந்தன. மக்கள் சிரமதானத்தில் மண்சுமந்து பொதுக் கட்டடங்களைக் கட்டினார்கள். யாழ்ப்பாணக் கிராமங்களில் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் வளர்ந்தன. தோட்டம் மட்டும் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. வாக்கில்லாத இடத்துக்கு அரசியல்வாதி வரமாட்டார். கம்பனிக் காணிக்குள் அரசாங்கம் வராது.

அதன் பிறகு நெருப்புக் காலம். 1977 இலும், 1981 ஆகஸ்டிலும், 1983 இலும் தமிழருக்கு எதிராக எழுந்த வன்முறையில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. காவத்தை, றக்வானைப் பக்கத்து மக்கள் 1981 இல் லயங்களை விட்டுக் காட்டுக்குள் ஓடினார்கள். கோயில்களும் பள்ளிக்கூடங்களும் தஞ்சமாயின. ஏராளமான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்த் திரும்பவே இல்லை. அந்த நாட்களில் பல சிங்களக் குடும்பங்கள் நம்மவரை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியதையும் நாம் மறக்கலாகாது. நுவரெலியாவில் நம் மக்கள் திரளாக வாழ்கிறார்கள். சபரகமுவவிலோ தோட்டம் ஒவ்வொன்றையும் சிங்களக் கிராமங்கள் சூழ்ந்திருக்கின்றன. இங்கே கட்டும் மண்டபம் அந்த அயலாரோடு பேசும் இடமாகவும் இருந்தால்தான் நமக்குப் பாதுகாப்பு.

சரி, இன்று நாம் காணும் மண்டபங்கள் எப்படி வந்தன? 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1977 க்குப் பின் தோட்டப் பாடசாலைகளைக் கட்டங்கட்டமாக அரசு ஏற்றது. 1988 இன் சட்டமும் 2003 இன் சட்டமும் நாடற்ற நிலையை முடித்து வைத்தன. வாக்கு வந்தது, வாக்கோடு பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியும் தோட்டத்துக்கு வந்தது. 1992 இல் தோட்டங்கள் 22 பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. அதே ஆண்டில், இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று நாம் அறியும் அமைப்பும் உருவானது. இந்த நிதிகளிலும், தொண்டு நிறுவனங்களின் பணத்திலும், மக்களின் சிரமதானத்திலும் எழுந்தவையே நம் மண்டபங்களில் பெரும்பாலானவை. சில இடங்களில் பாடசாலை புதுக் கட்டடத்துக்குப் போனதும் பழைய நீள அறையே மண்டபம் ஆனது. சில இடங்களில் பிள்ளைகள் குறைந்து மூடிய பிள்ளைக்காம்பராவும், அதாவது குழந்தைகள் காப்பகமும், மண்டபம் ஆனது.

ஆனால் உள்ளூராட்சியின் கதவு மட்டும் மூடியே கிடந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. நாம் வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்த சபை, நம் வாசலில் ஒரு குழாய் போடவும் மண்டபத்துக் கூரையை மாற்றவும் சட்டம் இடம் தரவில்லை. 2018 இல்தான் திருத்தச் சட்டம் வந்து அந்தத் தடையை நீக்கியது. முப்பத்தொரு ஆண்டுகள்! இந்தத் திருத்தத்தை எத்தனை தோட்டத்தில் எத்தனை பேர் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறோம் என்று உங்களை நான் கேட்கிறேன்.

இன்று ஒழுங்காக நடக்கும் ஒரு மண்டபத்தைப் பாருங்கள். காலையில் முன்பள்ளி. மாதத்தில் ஒரு நாள் மருத்துவிச்சி வந்து குழந்தைகளை நிறுத்து, கர்ப்பிணிப் பெண்களைப் பார்க்கும் கிளினிக். தாய்மார் மலையேறி டவுனுக்குப் போகும் பஸ் காசும் அரை நாள் சம்பளமும் மிச்சம். பின்னேரத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ரியூசன். லயத்துக் காம்பராவில் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே படிக்க முடியாத பிள்ளைக்கு அந்த இரண்டு மணி நேர வெளிச்சமும் அமைதியும் பெரிய உதவி. கிராம உத்தியோகத்தர் வந்தால் அரசின் அஸ்வெசும உதவிப்பணப் படிவம் நிரப்புவதும், நடமாடும் சேவை வந்தால் அடையாள அட்டைக்கும் பிறப்புப் பதிவுக்கும் வரிசை நிற்பதும் அங்கேதான். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் வந்து இறங்கும்போது மண்டபம் நிறைந்துவிடும்.

மரண உதவிச் சங்கத்தைத் தனியே சொல்லவேண்டும். நாற்காலி, கிடாரம், பாய், விளக்கு எல்லாம் மண்டபத்து மூலையில்தான் இருக்கின்றன. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கணக்கு வழக்கு இல்லாமல் எடுத்துப் போவார்கள். எட்டாம் நாள் சடங்கு முடிந்ததும் கழுவிக் கொண்டுவந்து வைப்பார்கள். நம் தோட்டங்களில் கட்சி மாறினாலும் கலையாத சங்கம் அது ஒன்றுதான். கல்யாணமும் அப்படியே. நகரத்து மண்டபத்துக்கு இலட்சக்கணக்கில் கொடுக்க முடியாத குடும்பம், தோட்டத்து ஹோலில் மாவிலை கட்டி மகளைக் கௌரவமாக அனுப்பி வைக்கிறது.

பேரிடர்க் காலத்தில் இதன் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். 2016 மே 17 ஆம் திகதி அரநாயக்காவில் சாமசர மலை சரிந்த அதே நாளில், புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்து லயத்தின் மேலும் மண் சரிந்து நம்மவர் பலர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் மூழ்கியது. இத்தகைய இரவில் மக்கள் எங்கே ஓடுவது? பாதுகாப்பான மேட்டில், தண்ணீரும் மலசலகூடமும் உள்ள ஒரு பொதுக் கட்டடம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தால், எச்சரிக்கை வந்த உடனே குழந்தை குட்டிகளோடு அங்கே போய்விடலாம். சபரகமுவவில் மண்டபம் கேட்பது உயிரைக் காக்க இடம் கேட்பது.

இனிக் குறைகளைச் சொல்லியாகவேண்டும். ஒழுங்காக நடக்கும் மண்டபங்களுக்குப் பக்கத்திலேயே பூட்டிக் கிடப்பவையும் இருக்கின்றன. கூரை ஒழுகுகிறது, மின்கட்டணம் கட்டாமல் இணைப்பை வெட்டிவிட்டார்கள், சன்னல் கண்ணாடி இல்லை. திருத்துவது யார் என்று கேட்டால் கம்பனி சபையைக் காட்டுகிறது. சபை கம்பனியைக் காட்டுகிறது. கட்டித் தந்தவர்கள் பெயர்ப்பலகையைத் திறந்துவைத்ததோடு போய்விட்டார்கள். சாவி ஓர் இடத்தில் தோட்ட ஆபிசில் இருக்கிறது. இன்னோர் இடத்தில் ஒரு சங்கத்துத் தலைவரிடம் இருக்கிறது. மற்றச் சங்கத்துக்காரர் கேட்டால் கிடைக்காது. சில இடங்களில் சாதி பார்த்துக் கொடுக்கிறார்கள். ஊர்ச் சாவடியில் நம் பாட்டன்மாருக்குச் செய்த அநீதியை நம் மண்டபத்தில் நாமே இன்னொருவருக்குச் செய்வதை மன்னிக்கவே முடியாது. கொழுந்து எடுப்பதும் பால் வெட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். மண்டபக் கமிட்டியிலோ ஒரு பெண்ணும் இல்லை. இரவில் குடிக்க இடமாகிவிட்டதால் பெண்பிள்ளைகள் ரியூசனுக்கு வரப் பயப்படும் மண்டபங்களும் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது உரிமைக் கேள்வி. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, கட்டடம் யாரோ ஒருவரின் நன்கொடை, நம்முடையது என்று எழுத்தில் எதுவும் இல்லை. காணி உறுதி இல்லாத கட்டடத்தைத் திருத்த யாருக்கும் கடமை இல்லை. அதனால்தான் அது ஒழுகுகிறது.

வேறு நாட்டுத் தொழிலாளர் இதை எப்படித் தீர்த்தார்கள் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். தென் வேல்சின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், சம்பளத்திலிருந்து வாரந்தோறும் சில்லறை சேர்த்து நூலகமும் அரங்கமும் உள்ள மண்டபங்களைக் கட்டினார்கள். தம் பணம் என்பதால் நிர்வாகமும் தம் கையில் இருந்தது. 1920 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது: வெட்டி எடுக்கும் நிலக்கரி ஒவ்வொரு தொன்னுக்கும் ஒரு பென்னி சுரங்கத் தொழிலாளர் நலநிதிக்குச் சேரவேண்டும். குளியலறை, மண்டபம், விளையாட்டிடம் எல்லாம் அந்த நிதியிலிருந்து வந்தன. நம் தேயிலைக்கும் இறப்பருக்கும் ஏற்றுமதி வரி வசூலிக்கிறார்கள். அதில் ஒரு சிறு பங்கைத் தோட்டப் பொதுக் கட்டடங்களின் பராமரிப்புக்கு ஒதுக்கச் சட்டம் கேட்பது நியாயமான கோரிக்கை. கொழுந்தும் பாலும் யார் கையால் வந்தனவோ அவர்கள் உட்காரும் கூரைக்கு அதிலிருந்து ஒரு பங்கு.

ஆகவே நான் கேட்பவை ஐந்து.

ஒன்று, ஒவ்வொரு மண்டபத்துக்கும் காணியை அளந்து, எல்லை போட்டு, பிரதேச சபையின் பொதுச் சொத்தாகவோ பதிவுபெற்ற மக்கள் சங்கத்தின் சொத்தாகவோ உறுதி எழுதவேண்டும். 2018 இன் திருத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு சபை உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்.

இரண்டு, கமிட்டியில் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். எல்லாச் சங்கத்தாரும் இளைஞர் ஒருவரும் அதில் இருக்கட்டும். வரவு செலவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோர் முன்னும் வாசிக்கவேண்டும்.

மூன்று, புதிதாகக் கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாயம் பற்றிய அறிக்கை பெறவேண்டும். தண்ணீர், மலசலகூடம், மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்வுப்பாதை இல்லாத வரைபடத்தை ஏற்கவேண்டாம்.

நான்கு, பக்கத்துச் சிங்களக் கிராமத்தாருக்கும் மண்டபம் திறந்திருக்கட்டும். கிளினிக்குக்கும் கரப்பந்தாட்டக் கூட்டத்துக்கும் வெசாக் தன்சலுக்கும் அவர்கள் கேட்டால் மனமுவந்து கொடுங்கள். அவர்களுடைய மண்டபத்தில் நமக்கும் இடம் கேளுங்கள்.

ஐந்து, ஒவ்வொரு மண்டபத்திலும் ஓர் இரும்பு அலுமாரி வையுங்கள். பழைய பற்றுச்சீட்டு, செக்ரோல் (சம்பளப் பதிவேட்டுத்) துண்டு, சங்கத்துச் சந்தாப் புத்தகம், திருவிழாப் படம், காமன் கூத்துப் பாட்டுக் கொப்பி, எது கிடைத்தாலும் அதில் சேருங்கள். பிள்ளைகள் முதியவர்களிடம் கேட்டு எழுதட்டும். 2023 இல் நம் மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து இருநூறு ஆண்டு வரலாற்றை நாட்டுக்கு நினைவூட்டினார்கள். அந்த வரலாற்றின் சபரகமுவப் பகுதியை நாம்தான் எழுதவேண்டும்.

தாய்மாரே, தலைவர்மாரே, நம் பாட்டன் கூடிய களம் துரையினுடையது. நம் தகப்பன் கூடிய பள்ளிக்கூடம் கம்பனியினுடையது. நம் பிள்ளைகள் கூடும் மண்டபம் நம் பெயரில் இருக்கவேண்டும். தோட்டத்துக்குத் திரும்பியதும் இந்த மாதத்துக்குள் ஒரு கூட்டம் போடுங்கள். முதல் தீர்மானமாகக் காணி உறுதி கேட்டுப் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதுங்கள். எல்லாச் சங்கத்தாரும் அதில் கையெழுத்து வையுங்கள். கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்து, பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.